எண்ணிப் பார்க்காத ஏவுகணைகள்

ஊர்க்கோடியில் ஒரு புளியமரம். அதிலே பேய் ஒன்று உண்டு என்பார் ஒருவர். ஒன்றா, ஏழு என்பார் அடுத்தவர். எழுபது என்று அடித்துப் பேசுவார் மந்திரவாதி. பேயின் தொகை வளர வளர அவருக்குத் தட்சணையும் வளரும். "விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவோமே" என்று கூறுபவன் மட்டும் ஊரார் கண்ணுக்கு விவரம் தெரியாதவனாகக் காட்சி தருவான். எழுத்தறியாத சிற்றூரிலேதான் இது நடக்கும் என்று எண்ணுவோர் பலர். அணுவைப் பிளந்த நாட்டிலே, வான்முட்டும் மாளிகைகளும் பேர்பெற்ற பல்கலைக் கழகங்களும் நிறைந்த அமெரிக்க நாட்டிலே, 1957 முதல் 1961 வரை இதே கதை நடந்தது. அங்கே அந்தப் பேய்க்குச் சூட்டப்பட்ட பெயர், 'ஏவுகணை இடைவெளி'.

சோவியத் நாட்டிடம் ஏவுகணைகள் நூற்றுக்கணக்கிலே குவிகின்றன, அமெரிக்காவிடமோ அந்த அளவு இல்லை, இந்த இடைவெளி நாட்டை அழித்துவிடும் என்பதுதான் அந்நாளைய கூக்குரல். செய்தித்தாள்கள் எழுதின, செனட் உறுப்பினர்கள் முழங்கினர், தேர்தல் மேடைகள் அதிர்ந்தன. இறுதியில் விளக்கு ஏற்றிப் பார்த்தபோது இடைவெளி இருந்தது உண்மைதான். ஆனால் அது நேர் எதிர்த் திசையிலே இருந்தது! பின்தங்கியிருந்தது சோவியத் நாடு; முன்னே நின்றது அமெரிக்கா.

இதனை நாம் நினைவூட்டுவது, யாரையோ எள்ளி நகையாட அன்று. ஒரு நாட்டின் பாதுகாப்பு என்றால் என்ன, அதனை முடிவு செய்வோர் யார், அந்த முடிவின் விலையைத் தருவோர் யார் என்ற கேள்விகள் அமெரிக்க மக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. குடியாட்சி எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் எழவேண்டிய கேள்விகள் அவை. எனவே நடந்ததை ஆண்டு வாரியாகக் காண்போம்.

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தது. அப்போது அணுகுண்டு வைத்திருந்த ஒரே நாடு அமெரிக்கா. ஐரோப்பிய விவகாரங்களிலே நமக்கென்ன வேலை என்று ஒதுங்கியிருப்பதைப் பழைய மரபாகக் கொண்டிருந்த அந்நாடு, அந்த மரபை விட்டு வெளியே வந்தது. 1947 மார்ச்சு 12இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி கேட்டுக் காங்கிரசின் முன் நின்றார். அதே ஆண்டு சூலையிலே தேசியப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மத்திய உளவு நிறுவனமும், தேசியப் பாதுகாப்பு மன்றமும், தனி விமானப்படையும் அச்சட்டத்தின் குழந்தைகள். முன்பெல்லாம் 'நாட்டுக் காவல்' என்று பேசப்பட்டது, 'தேசியப் பாதுகாப்பு' ஆயிற்று. பெயர்தானே மாறியது என்று கருதிவிடக்கூடாது. காவல் என்றால் எல்லையிலே நிற்பது. பாதுகாப்பு என்றாலோ, அதற்கு எல்லையே இல்லை!

1949 ஆகஸ்டிலே சோவியத் நாடு அணுகுண்டு வெடித்தது. அக்டோபரிலே சீனத்தில் பொதுவுடைமைக் குடியரசு மலர்ந்தது. 1950 ஏப்ரலில், பால் நிட்ஸ் என்பாரின் தலைமையிலே ஒரு மறைபொருள் அறிக்கை உருவாயிற்று. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 68ஆம் அறிக்கை என்பது அதன் பெயர். உலகத்தின் எந்தப் பகுதியிலே பொதுவுடைமை வென்றாலும் அது அமெரிக்காவின் தோல்வி என்று கருதவேண்டும், படைச் செலவைப் பன்மடங்கு பெருக்கவேண்டும் என்பது அதன் சாரம். ட்ரூமன் தயங்கினார். சூன் 25இல் கொரியப் போர் மூண்டது, தயக்கம் தீர்ந்தது, படைச் செலவு சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1975இல்! கால் நூற்றாண்டுக் காலம், எந்த வாதத்தின் பேரிலே வரி கொடுத்தோம் என்பதே தெரியாமல் மக்கள் வரி கொடுத்தனர்.

அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று நாம் கூறவில்லை. கொரியாவிலே படை நகர்ந்தது மெய். கிழக்கு ஐரோப்பாவிலே விடுதலைக் குரல் நெரிக்கப்பட்டது மெய். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமை மெய். ஆபத்து உண்டு என்பதனை மறுப்பது பகுத்தறிவன்று. ஆனால் ஆபத்தின் அளவு என்ன என்று கேட்காமலிருப்பதும் பகுத்தறிவாகாது. காய்ச்சல் உண்டு என்பதற்காக, எத்தனை பாகை என்று பார்க்காமலே மருந்தைக் கொட்டுவானா மருத்துவன்?

1953இல் ஆட்சிக்கு வந்தவர் ஐசனோவர். படைத்தலைவராக இருந்தவர், ஐரோப்பாவிலே நேசநாட்டுப் படைகளை நடத்தி வென்றவர். அவர், அவ்வாண்டு ஏப்ரல் 16இல் செய்தித்தாள் ஆசிரியர்கள் கூட்டத்திலே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையிலே முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டலாம். அல்லது 60,000 பேர் வாழும் நகருக்கு மின்சாரம் தரும் நிலையங்கள் இரண்டு அமைக்கலாம். அல்லது எல்லா வசதிகளும் கொண்ட மருத்துவமனைகள் இரண்டு எழுப்பலாம் என்றார். போர்த்தொழிலை வெறுக்கும் கவிஞரோ துறவியோ பேசியதன்று இது. போர்க்களம் கண்டவர் பேசியது!

அவரைப் புனிதராக்கிப் பூமாலை சூட்டவும் நாம் முற்படவில்லை. அதே 1953இல் ஈரான் நாட்டிலே, மக்கள் மன்றத்தின் ஆதரவு பெற்ற மொசாதெக்கின் ஆட்சியைக் கவிழ்க்க அவருடைய உளவு நிறுவனம் கைகொடுத்தது. 1954இல் குவாத்தமாலாவிலே, நிலச்சீர்திருத்தம் செய்த அர்பென்சின் ஆட்சி அதே கையால் வீழ்ந்தது. எங்கே தாக்கினாலும் அணுகுண்டால் பதிலடி தருவோம் என்ற மிரட்டல் கொள்கையை 1954 சனவரியிலே அவருடைய வெளிநாட்டமைச்சர் டல்லஸ் அறிவித்தார். பெரும்படை வைத்தால் செலவு அதிகம், அணுகுண்டு வைத்தால் செலவு குறைவு என்ற சிக்கனக் கணக்கும் அதிலே அடங்கியிருந்தது. உலகையே எரிக்கும் தீக்குச்சியை, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி வைத்துக்கொள்வது என்ன சிக்கனம்!

இந்தச் சூழ்நிலையிலேதான் 1957 பிறந்தது. செப்டம்பர் இறுதியிலே, ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரிலே, நீக்ரோ மாணவர்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கருப்பின மாணவர் ஒன்பது பேர், வெள்ளையர் பள்ளிக்குள் நுழைவதற்குப் பட்டாளம் துணைவர வேண்டியிருந்தது. நார்மண்டியிலே குதித்த 101ஆம் வான்குடைப் படையின் வீரர்கள், சொந்த நாட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விடும் காவலர் ஆயினர். ஒரு குழந்தை தன் ஊர்ப் பள்ளிக்குப் பயமின்றிப் போக முடியவில்லை. இது பாதுகாப்புக் குறைவு அல்லவா? ஆனால் இதனைப் பாதுகாப்புக் கணக்கிலே எவரும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, அக்டோபர் 4இல், 83.6 கிலோ எடையுள்ள உருண்டை ஒன்று வானிலே வலம் வந்தது. அதுதான் ஸ்புட்னிக்! அடுத்த மாதம் லைக்கா என்ற நாயைச் சுமந்து இரண்டாம் ஸ்புட்னிக் பறந்தது. டிசம்பர் 6இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு, நான்கடி எழும்பித் தரையிலேயே வெடித்துச் சாம்பலாயிற்று. அமெரிக்கர் மனத்திலே அச்சம் குடியேறியது. செயற்கை மதியை மேலே அனுப்பியவன் அணுகுண்டை நம் தலைமேல் அனுப்பமாட்டானா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. அதற்கு வந்த விடைகள்தாம் நியாயமற்றவை.

நவம்பரிலே கெய்தர் குழுவின் மறைபொருள் அறிக்கை ஐசனோவரிடம் தரப்பட்டது. சில வாரங்களிலே அதன் செய்தி வெளியே கசிந்தது. ஏவுகணைகளைப் பெருக்கு, நாடெங்கும் பதுங்கிடங்கள் அமை என்றது அறிக்கை. 1958 ஆகஸ்டு 14இல், மாசாசூசெட்சு மாநிலத்து இளம் செனட் உறுப்பினர் கென்னடி, ஏவுகணை இடைவெளி பற்றிச் செனட்டிலே நீண்ட உரை நிகழ்த்தினார். விமானப்படையின் முதல் செயலாளராக இருந்த சைமிங்டனும், பத்திரிகை எழுத்தாளர் ஆல்சப்பும் அதே பல்லவியைப் பாடினர்.

அச்சத்தால் ஒரு நன்மையும் விளைந்தது, மறைக்காமல் கூறுவோம். 1958 செப்டம்பரிலே கல்விக்கென ஒரு சட்டம் வந்தது. அறிவியலும் கணிதமும் அயல்மொழிகளும் கற்பிக்க, கல்லூரி மாணவர்க்குக் கடன் வழங்க, நான்காண்டிற்கு நூறு கோடி டாலர். அச்சட்டத்தின் பெயர் 'தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்'. இரண்டாண்டு முன்னதாகப் பெருஞ்சாலைகளுக்குப் பணம் ஒதுக்கியபோதும் பாதுகாப்பு என்ற சொல்லைப் பெயரிலே சேர்த்துத்தான் ஒதுக்கினர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே வந்து கை நீட்டினால் காசு கிடைக்காது. பட்டாளத்து உடுப்பு மாட்டிக்கொண்டு வரவேண்டும்! ஒரு நாட்டின் மனநோயைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஏவுகணை எத்தனை என்ற கணக்குக்கு வருவோம். அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடுகள், சோவியத் நாட்டால் 1960களின் தொடக்கத்திலே 500 வரை வைத்திருக்க முடியும் என்று கூறின. இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'முடியும்'. 'இருக்கிறது' அன்று. ஆலைகள் முழுமூச்சாக இயங்கினால், தலைவர்கள் அவ்வாறு முடிவு செய்தால், இத்தனை செய்யமுடியும் என்பது அந்தக் கணக்கு. மேடைக்கு வந்தபோது 'முடியும்' உதிர்ந்துவிட்டது. 500 மட்டும் நின்றது. மற்றொன்றும் காண்கிறோம். குண்டுவீச்சு விமானமும் நெடுந்தொலைவு ஏவுகணையும் விமானப்படைக்கு உரியவை. அந்தப் படையின் மதிப்பீடே எல்லாவற்றிலும் உயர்ந்தது. தரைப்படையும் கடற்படையும் தந்த எண்ணிக்கையோ மிகக் குறைவு. அனைவர் கையிலும் இருந்த சான்றுகள் ஒன்றே. தொகை மட்டும் அவரவர் தேவைக்கு ஏற்ப வேறுபட்டது. தட்சணைக்குத் தக்கபடி பேயின் தொகை!

விளக்கு ஏந்திச் சென்று பார்ப்பவர் ஒருவரும் இல்லையா? இருந்தார். 1956 சூலை முதல், யூ-2 என்ற உளவு விமானம் மிக உயரத்திலே பறந்து சோவியத் நாட்டைப் படம் பிடித்து வந்தது. அதற்கு முன்னர்க் கிளம்பிய 'குண்டுவீச்சு விமான இடைவெளி' என்ற கூச்சல் பொய் என்பதை அந்தப் படங்களே காட்டின. ஏவுகணைக் குவியலும் அவற்றிலே தென்படவில்லை. ஐசனோவர் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அயல்நாட்டு வானிலே திருட்டுத்தனமாகப் பறந்து எடுத்த படத்தை எப்படி வெளியே காட்டுவது? காட்டினால் குற்றம் வெளியாகும். காட்டாவிட்டால் கூச்சல் வளரும். காட்டவில்லை, கூச்சல் வளர்ந்தது. அறிந்தவர் பேச முடியவில்லை. அறியாதவர் பேச்சை நிறுத்தவில்லை.

1960 மே 1இல் ஒரு யூ-2 விமானம் சோவியத் மண்ணிலே வீழ்த்தப்பட்டது. வானிலை ஆராயச் சென்ற விமானம் வழிதவறியது என்றது அமெரிக்கா. விமானி பவர்சு உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்றார் குருசேவ். பொய் அம்பலமாயிற்று. பாரிசிலே கூடவிருந்த அமைதி மாநாடு பாழாயிற்று. இரகசியம் நாட்டைக் காக்கும் என்பார்கள்; அன்று அது நாட்டின் சொல்லுக்கிருந்த மதிப்பைக் கூடக் காக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரிலே தேர்தல். கென்னடி வென்றார். ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் வாக்குகளிலே, நிக்சனைவிட அவர் அதிகம் பெற்றது 1 லட்சத்து 13 ஆயிரம் அளவே. ஏவுகணைப் பேச்சு மட்டுமே வெற்றி தேடித் தந்தது என்று நாம் கூறமாட்டோம். ஆனால் மயிரிழையில் கிடைத்த வெற்றியிலே அதற்குப் பங்கே இல்லை என்று யார்தான் கூற இயலும்? அந்த 1960இலே இரு நாடுகளிடமும் இருந்த அணு ஆயுதங்களின் தொகை என்ன? அமெரிக்காவிடம் ஏறத்தாழ 18,000. சோவியத் நாட்டிடம் ஏறத்தாழ 1,600. பதினொரு மடங்கு பெற்றிருந்தவன், பின்தங்கிவிட்டோமே என்று மார்பிலே அடித்துக்கொண்டான்!

1961 சனவரி 17இல் ஐசனோவர் விடைபெற்றார். படைத்துறையும் படைக்கலத் தொழிலும் கைகோத்து வளர்ந்துவிட்ட பெருங்கூட்டின் செல்வாக்கு அரசாங்க மன்றங்களிலே ஓங்க விடாதீர்கள் என்று எச்சரித்தார். 35 லட்சம் பேர் பாதுகாப்புத் துறையிலே நேரடியாகப் பணிபுரிவதையும், நாட்டின் நிறுவனங்கள் அனைத்தும் ஈட்டும் நிகர வருவாயைவிட அதிகமாகப் படைக்குச் செலவாவதையும் எடுத்துரைத்தார். விழிப்பும் விவரமும் உடைய குடிமக்களால் மட்டுமே அந்தக் கூட்டை அடக்கி வைக்க முடியும் என்றார். எட்டாண்டு பதவியிலிருந்தபோது அழுத்தமாகச் சொல்லாததைப் போகும்போது சொன்னாரே என்று குறைகூறுவோர் உண்டு. குறை நியாயமானது. எனினும், வைத்தியன் பிந்தி வந்தான் என்பதற்காக, அவன் சொன்ன நோய் பொய்யாகிவிடாது.

மூன்று வாரம்தான் சென்றது. பிப்ரவரி 6இல் புதிய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா, செய்தியாளர்களிடம், இடைவெளி ஏதும் இல்லை, இருந்தால் அது நமக்குச் சாதகமானதே என்னும் பொருள்படக் கூறிவிட்டார். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைவராக இருந்து வந்தவர். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். கணக்கைச் சொல்லக் கூடாது என்பதுதான் தெரியவில்லை. வெள்ளை மாளிகை பதறியது, மறுப்பு வெளியிட்டது. ஆனால் மறுப்புகளால் மறைக்க முடியாத விளக்கு ஒன்று வானிலே ஏற்றப்பட்டிருந்தது. 1960 ஆகஸ்டிலே கொரோனா என்ற உளவுச் செயற்கை மதி பிடித்த படச்சுருள் ஒன்று, யூ-2 விமானப் பறப்புகள் அனைத்தும் சேர்ந்து கண்டதைவிட அதிக நிலப்பரப்பைக் காட்டியது. படங்கள் பெருகின, மதிப்பீடு சரிந்தது. 1961 செப்டம்பர் மதிப்பீட்டின்படி, சோவியத் நாட்டிடம் இருந்த நெடுந்தொலைவு ஏவுகணைத் தளங்கள் 10 முதல் 25 வரை. உண்மை அதனினும் சிறிது: பிளெசெட்ஸ்க் என்னுமிடத்திலே ஏவுதளங்கள் நான்கு! அவற்றிலே நிறுத்தப்பட்ட ஆர்-7 ஏவுகணையோ, உருவத்திலே பெரிது, எரிபொருள் நிரப்பவே பல மணி நேரம் பிடிக்கும். வானவெளிக்கு ஏற்றது, போருக்கு ஏற்றதன்று. அக்டோபர் 21இல் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் கில்பாட்ரிக், எதிரி முதலில் தாக்கினாலும் எஞ்சியிருக்கும் நம் வலிமை அவனுடைய முழு வலிமைக்குக் குறைந்ததன்று என்று வெளிப்படையாகவே முழங்கினார்.

குருசேவ் நிரபராதியா? அல்லர். தொழிற்சாலையிலே தொத்திறைச்சி உருண்டு வருவதுபோல ஏவுகணைகள் வருகின்றன என்று வீம்பு பேசியவர் அவர். இல்லாததை இருப்பதாகக் காட்டி மிரட்டினார். இல்லாததை இருப்பதாகக் கொண்டு பயந்தனர் எதிரே இருந்தோர். ஒருவருடைய வீம்பு மற்றவருடைய வரவுசெலவுத் திட்டம் ஆயிற்று!

பேய் இல்லை என்று தெரிந்த பிறகு பூசை நின்றதா? நிற்கவில்லை. மினிட்மேன் ஏவுகணைகள் 1,000, போலாரிஸ் ஏவுகணை தாங்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள் 41 என்று அடுக்கிக்கொண்டே போயினர். விமானப்படை அதனினும் மிகுதியாகக் கேட்டது. 1,000 என்பதே சிக்கனம் என்று கருதப்பட்டது! தன் பலவீனம் வெளிப்பட்டுவிட்டதை உணர்ந்த சோவியத் நாடு, நெடுந்தொலைவு ஏவுகணைக்கு மாற்றாக நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளைக் கியூபாவிற்குக் கொண்டுசென்றது. அந்த முடிவுக்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 1962 அக்டோபரிலே பதின்மூன்று நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பொய்யான இடைவெளியிலே தொடங்கியது, மெய்யான படுகுழியின் விளிம்பிலே கொண்டுவந்து நிறுத்திற்று.

ஒருமுறை நேர்ந்த தவறு என்று விட்டுவிடலாமா? 1964 ஆகஸ்டு 4இல் டான்கின் வளைகுடாவிலே அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் செய்தி. மூன்றே நாளிலே, போர் நடத்த வரம்பற்ற உரிமையைக் குடியரசுத் தலைவர் சான்சனுக்குக் காங்கிரசு வழங்கியது. கீழ்மன்றத்திலே 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவரும் இல்லை. செனட்டிலே 88 பேர் ஆதரவு, எதிர்ப்பு இருவர்: ஆரிகன் மாநிலத்து மோர்சு, அலாஸ்கா மாநிலத்து குரூனிங். அந்த இரவு அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை என்ற அரசாங்கத்தின் உள் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அதற்குள் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும் எண்ணற்ற இலட்சம் வியட்நாமியரும் மாண்டு மண்ணாகிப் பல்லாண்டு ஆயின. மோர்சும் குரூனிங்கும் 1968இல் பதவி இழந்தனர். 2002 அக்டோபரிலே ஈராக்மீது போர் தொடுக்கச் செனட் 77க்கு 23 என இசைவளித்தது. பேரழிவு ஆயுதக் குவியல் உண்டு என்பது காரணம். 2003இல் படை புகுந்தது, நாட்டைச் சல்லடை போட்டுத் தேடினர், குவியல் இல்லை.

"எதிரி செவி கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சந்தையிலே வைத்து வாதிட முடியுமா?" என்று கேட்பார் உண்டு. முடியாதுதான். ஏவுகணையின் பொறியமைப்பை வெளியிடு என்று எவரும் கேட்கவில்லை. எந்த நாட்டு நடப்பிலே நாம் தலையிடுகிறோம், எந்தச் சான்றின்பேரிலே தலையிடுகிறோம், அதற்கு எத்தனை பணம், எத்தனை உயிர் என்பவை பொறியமைப்பு அல்ல, அவை அரசியல். அவற்றை அறியும் உரிமை, பணத்தையும் பிள்ளையையும் தருகிற குடிமகனுக்கு உண்டு. 1960இல் வாக்களித்த அமெரிக்கனுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது. மறுத்தவர் எதிரி அல்லர், அவனுடைய அரசாங்கமே!

1940 முதல் 1996 வரை அணு ஆயுதங்களுக்காக அமெரிக்கா செலவிட்டது, 1996ஆம் ஆண்டு விலையிலே ஏறத்தாழ 5.5 இலட்சம் கோடி டாலர் என்று புரூக்கிங்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அதிலே எத்தனை பங்கு மெய்யான ஆபத்துக்கு, எத்தனை பங்கு எண்ணிப் பார்க்காத ஏவுகணைகளுக்கு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஒரு விமானத்துக்கு முப்பது பள்ளிக்கூடம் என்று 1953இல் போட்ட கணக்கை மட்டும் நாம் மறவாதிருப்போம்.

பாதுகாப்பு, பேரபாயம் என்ற சொற்களைக் கேட்டதும் வாய்மூடித் தலைகுனிவது நாட்டுப்பற்று அன்று. எத்தனை? யார் எண்ணினார்? எப்படி எண்ணினார்? எண்ணியவருக்கு அதிலே ஆதாயம் உண்டா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்பதுதான் நாட்டுப்பற்று. நான்கையும் செனட்டிலே நின்று கேட்டவர்கள் 1964இல் இருவர். 2002இல் இருபத்து மூவர். இரண்டு முறையும் அவர்கள் தோற்றனர். இரண்டு முறையும் அவர்கள் கூறியதே மெய்யாயிற்று. தொகை வளர்ந்திருக்கிறது. வளரவேண்டிய தொகை அதுதான். ஏவுகணையின் தொகை அன்று!